ஆந்தூரியம் கிறிஸ்டலினம் வீட்டுக்குள் வளர்க்க: செடி வாங்கும் முன்பிருந்து தண்டு வெட்டிப் பதியம் போடும் வரை

வெல்வெட் போன்ற இலைக்காக வளர்க்கும் ஆந்தூரியம் கிறிஸ்டலினம் செடி சாவது இலையில் தெரியும். ஆனால் சாவு தொடங்குவது வேரில், அதுவும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில். சென்னையில் ஒரு ஃபிளாட்டில் ஆறு வருடமாக இதை வளர்க்கிறேன். வாங்கித் தோற்றவர்கள் பலரையும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான்: முதலில் செடியை வாங்குகிறார்கள், அப்புறம் இடம் தேடுகிறார்கள், அதற்கும் அப்புறம் மண்ணைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். செடி கடைசியில்தான் வர வேண்டும்.

பனாமா, கொலம்பியா பக்கத்து மழைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில், மரப்பட்டையிலும் மட்கும் சருகிலும் வேரோட்டி வளர்கிற செடி இது. வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் எளிதில் பிடிபடும்.

இன்னொரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையோ பூனையோ உள்ள வீடென்றால் எட்டாத உயரத்தில் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

1. இடத்தை அளந்து பாருங்கள்

நம் கண் வெளிச்சத்தை அளக்க உதவாது. பளிச்சென்று தெரிகிற ஹாலில், சோபா பக்கத்தில் 200, 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தான் இருக்கும். இந்தச் செடி நன்றாக வளர நான் குறைந்தது 8,000 லக்ஸ் பார்க்கிறேன். 15,000 வரை போனால் நல்லது. செல்போனில் இலவச லக்ஸ் செயலி ஒன்றைப் போட்டு, செடி நிற்கப்போகும் இடத்தில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அளந்து எழுதி வையுங்கள். செயலிக் கணக்கு துல்லியமாக இருக்காது. ஆனால் 300-க்கும் 8,000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அது போதும்.

கிழக்கு ஜன்னல்தான் முதல் சாய்ஸ். எட்டு மணி வரையிலான இளவெயில் இலையைச் சுடாது. வடக்கு ஜன்னலென்றால் கண்ணாடியை ஒட்டியே வைக்க வேண்டியிருக்கும். மேற்கு ஜன்னல் ஏப்ரல், மே மாதங்களில் ஆபத்து. வெல்வெட் இலையில் ஒரே மதியத்தில் காகித நிறத்தில் பொத்தல் விழும். அங்கேதான் வைக்க முடியும் என்றால் வெள்ளைத் திரைச்சீலை கட்டாயம்.

வெளிச்சம் போதவில்லையா? வெள்ளை எல்இடி விளக்கை இலைக்கு ஒன்றரை அடி மேலே தொங்கவிட்டு, டைமர் வைத்து தினமும் 12 மணி நேரம் எரியவிடலாம். செடி வளர்ப்புக்கென்று விற்கும் ஊதா விளக்கு தேவையில்லை. அந்த வெளிச்சத்தில் பூச்சி வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது காற்றின் ஈரப்பதம். ஐந்நூறு ரூபாய்க்குள் டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் கிடைக்கும். ஒரு வாரம் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். 60 சதவீதத்துக்கு மேல் நின்றால் நிம்மதி. கடலோர ஊர்களில் இது பெரும்பாலும் தானாகவே கிடைக்கும். கோவை, மதுரை, திருச்சியில் கோடையில் கிடைக்காது. ஏசி ஓடும் அறையில் எந்த ஊரிலும் கிடைக்காது. ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடம் என்றால் மீட்டர் என்ன காட்டினாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

இலைமேல் தண்ணீர் தெளித்தால் ஈரப்பதம் கூடும் என்று நினைக்கிறார்கள். ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான். வெல்வெட் இலையில் உப்புக்கறை மட்டும் தங்கிவிடும். ஈரப்பதம் குறைவான வீட்டில் ஒன்று ஹியூமிடிஃபையர் வாங்குங்கள், இல்லையென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வளருங்கள். ஹியூமிடிஃபையரில் போர் தண்ணீர் ஊற்றினால் ஒரே வாரத்தில் இலையெல்லாம் விபூதி பூசியதுபோல் ஆகிவிடும், அதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

2. எந்தத் தண்ணீர் என்று முடிவு செய்யுங்கள்

எங்கள் அபார்ட்மெண்ட் மூன்றாம் மாடியில் ஒரு அம்மா இருக்கிறார். மூன்று மாதம் இலை நுனி கருகிக்கொண்டே வந்த செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்ன தண்ணி ஊத்துறீங்கம்மா?" என்றேன். "ஆர்ஓ தண்ணிதான் தம்பி, வேஸ்ட்டா போறதைப் பிடிச்சு வச்சு ஊத்துறேன்" என்றார். பிரச்சினை அங்கேதான். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரில், நாம் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பும் சேர்ந்தே வருகிறது. பாத்ரூம் கழுவ நல்லது, இந்தச் செடிக்கு விஷம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. 150-க்குள் இருந்தால் அப்படியே ஊற்றலாம். 150 முதல் 300 வரை சமாளிக்கலாம், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். அதற்கு மேல் போனால் வேறு தண்ணீர் பாருங்கள். மழைநீர்தான் சிறந்தது, ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் பிடித்து மூடி வைத்தால் கொஞ்ச காலம் ஓடும். அடுத்தது, குடிக்கிற ஆர்ஓ தண்ணீர். ஆனால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் அநேகமாக இருக்காது, உரத்தில் ஈடுகட்ட வேண்டும். அது 9-வது பகுதியில் வருகிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இல்லை. ஆனால் குழாயில் பாசி படிந்திருந்தால் அந்த அழுக்கும் சேர்ந்து வரும் என்பதால் ஆத்திர அவசரத்துக்கு மட்டும்தான் நான் அதைத் தொடுகிறேன்.

3. கலவையை ஒரு வாரம் முன்பே தயார் செய்யுங்கள்

செம்மண் வேண்டாம். மண்புழு உரம் கலந்த செம்மண்ணும் வேண்டாம். குரோட்டன்ஸுக்கும் செம்பருத்திக்கும் அது சரி. இந்த வேர் அதில் மூச்சுவிடாது.

நான் பயன்படுத்தும் கலவை: தேங்காய் மட்டைத் துண்டு நான்கு பங்கு, பெர்லைட் (பொரிபோல் லேசான வெள்ளைக் கல்) இரண்டு பங்கு, நொறுக்கிய அடுப்புக்கரி ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு. பைன் மரப்பட்டை கிடைத்தால் மட்டைத் துண்டில் பாதியைக் குறைத்து அதைப் போடுங்கள். ஆனால் அதற்காக அலைய வேண்டாம், பொள்ளாச்சி பக்கத்திலிருந்து வரும் மட்டைத் துண்டே போதும். துண்டு ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவுக்கும் நெல்லிக்காய் அளவுக்கும் இடையில் இருக்கட்டும். பெரிதானால் வேர் பிடிக்காது, சிறிதானால் தூளாகி அடைத்துக்கொள்ளும்.

அடுத்த வேலையைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். தேங்காய் மட்டையில் இயற்கையாகவே சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். கழுவாமல் போட்டால் நீங்கள் மழைநீரே ஊற்றினாலும் நுனி கருகும். இப்படிச் செய்யுங்கள்:

முதல் நாள் துண்டுகளையும் கோகோபீட்டையும் தனித்தனியாக ஊறவைத்து, காபி நிறத்தில் இறங்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். இரண்டாம் நாளும் அதையே செய்யுங்கள். மூன்றாம் நாள் லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். மட்டையில் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் இது நடக்காது. நான்காம் நாள் நல்ல தண்ணீரில் அலசி, இறங்கும் தண்ணீரில் டிடிஎஸ் பாருங்கள். ஊற்றிய தண்ணீரைவிட 100 அளவுக்குத்தான் கூடுதலாக இருக்கிறது என்றால் முடிந்தது. இல்லையென்றால் இன்னொரு அலசல்.

கரியையும் கழுவ வேண்டும், தூள் போகிற வரைக்கும். பெர்லைட்டைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் கையாள வேண்டும். அந்தத் தூசு மூச்சில் போகக்கூடாது.

கலந்தபின் ஒரு சோதனை. ஒரு கைப்பிடி ஈரக் கலவையை இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறங்கள். உதிர்ந்து விழுந்தால் சரி. கொழுக்கட்டைபோல் நின்றால் கோகோபீட் அதிகம்.

4. செடி வாங்குவது

மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை நாளாக விற்பவரிடம் வளர்கிறது, எதில் நட்டிருக்கிறது, கடைசியாக விட்ட இலை எது. வெளிநாட்டிலிருந்து இறக்கி நான்கு நாளான செடி என்றால் வேர் இன்னும் அதிர்ச்சியில் இருக்கும். விற்பவரிடமே இரண்டு மாதம் வளர்ந்து, ஒரு புது இலையாவது விட்ட செடியை வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும், கொடுக்கலாம்.

இலை எத்தனை என்று எண்ணாதீர்கள். ஐந்து இலையும் இரண்டு வேரும் உள்ள செடியைவிட இரண்டு இலையும் ஆறு வேரும் உள்ள செடி மேல். வேரின் படம் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

பெயரில் குழப்பம் சகஜம். இலைக்காம்பை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். வழவழப்பாக உருண்டால் கிறிஸ்டலினமாக இருக்கலாம். நான்கு விளிம்பு தட்டுப்பட்டால் அது மேக்னிஃபிகம், அல்லது அதன் கலப்பு. இலையில் காம்பு சேரும் பக்கம் இதயம்போல் பிளக்காமல் முழுதாக மூடியிருந்தால் ஃபோர்கெட்டி. இலை தடித்து அட்டைபோல் விறைப்பாக இருந்தால் கிளாரிநெர்வியம். சந்தையில் கிறிஸ்டலினம் என்று வருவதில் கலப்பினங்கள் நிறைய. வளர்ப்பு முறை அநேகமாக ஒன்றுதான், அதனால் கலப்பாக இருந்தாலும் கவலையில்லை. சுத்த ரகத்தின் விலையைக் கொடுத்துவிட்டு ஏமாறாமல் இருந்தால் போதும்.

கூரியரில் வரவழைப்பதாக இருந்தால் கத்தரி வெயிலில் வேண்டாம். மூடிய அட்டைப் பெட்டி மூன்று நாள் வேனில் கிடந்தால் செடி வெந்துவிடும். எனக்கே ஒருமுறை மே மாதம் வந்த பெட்டியைத் திறந்தபோது அவித்த கீரை வாசம் அடித்தது. விற்றவர் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார், அவரைக் குறை சொல்லவில்லை, அவசரப்பட்டது நான்தான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரையும், ஜனவரி, பிப்ரவரியும் நல்ல காலம்.

5. வந்த நாள்: வேரைப் பாருங்கள்

பெட்டியைத் திறந்ததும் அழகான தொட்டியில் வைத்துப் படம் எடுக்கத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் மற்ற செடிகளிடமிருந்து தள்ளி, வேறு அறையில் வையுங்கள். இலையின் அடிப்பக்கத்தை, முக்கியமாக நடுநரம்பு ஓரத்தை, செல்போன் விளக்கில் பாருங்கள். வெள்ளிக்கீறலும் கரும்புள்ளியும் இருந்தால் இலைப்பேன் (திரிப்ஸ்).

அடுத்து, செடியோடு வந்த கலவையை முழுவதும் நீக்குங்கள். பாதியை மட்டும் நீக்குவது வேண்டாம். நர்சரிக் கலவை ஒரு வேகத்தில் காயும், உங்கள் கலவை இன்னொரு வேகத்தில் காயும். நடுவில் இருக்கும் பழைய கட்டி மட்டும் ஈரமாகவே இருந்து அழுகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, விரலால் மெல்ல உதிர்த்தால் வந்துவிடும்.

இப்போது ஒவ்வொரு வேராகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெதுவாக அழுத்துங்கள். நல்ல வேர் பச்சை வெண்டைக்காய்க் காம்பு மாதிரி கெட்டியாக இருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கோகோபீட்டின் சாயம் ஏறி நல்ல வேரும் பழுப்பாகத் தெரியும். அழுகிய வேர் வேறு மாதிரி: அழுத்தி இழுத்தால் மேல்தோல் உறைபோல் வழுக்கிக் கையோடு வரும், உள்ளே நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். முகர்ந்தால் சாக்கடை நெடி. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அழுகியதை எல்லாம் நல்ல பகுதி தெரிகிற இடம் வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைப்பது கட்டாயம், இல்லையென்றால் நோயை நீங்களே ஒரு வேரிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோவீர்கள். வெட்டியபின் உரக்கடையில் கிடைக்கும் சாஃப் போன்ற பூஞ்சாணக் கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பத்து நிமிடம் வேரை முக்கி எடுங்கள், கையுறையோடு. பட்டைப் பொடி தூவச் சொல்வார்கள். அது வெட்டுக்காயத்தோடு பக்கத்து நல்ல வேரையும் காய வைக்கும். நான் செய்வதில்லை.

கெட்டி வேர் நான்குக்கு மேல் மிஞ்சியதா? 6-வது பகுதியைத் தாண்டி 7-க்குப் போகலாம். குறைவா? அப்படியென்றால் மாஸ் பெட்டி.

6. மாஸ் பெட்டி

ஸ்பேக்னம் மாஸைத் (காயவைத்து விற்கும் ஒருவகைப் பாசி) தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். துணி பிழிவதுபோல் முழுபலத்தோடு. ஒரு சொட்டுகூட இனி விழாது என்ற நிலைதான் சரியான ஈரம். வேரைச் சுற்றி இறுக்காமல் பொதிந்து, மூடியுள்ள கண்ணாடி நிற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் படக்கூடாது. மூடிய டப்பா வெயிலில் அடுப்பாகிவிடும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடுங்கள். மூன்று முதல் ஆறு வாரத்தில் வெள்ளை முனையோடு புது வேர் எட்டிப்பார்க்கும். வேர் இரண்டு அங்குலம் ஆனதும் மூடியை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று திறந்து வைத்துப் பழக்குங்கள். இதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். ஒரே நாளில் வெளியே எடுத்தால் 95 சதவீத ஈரத்தில் இருந்த இலை அன்றைக்கே தொங்கும், சிலசமயம் திரும்பி எழாது.

டப்பாவில் இருக்கும்போது உரம் வேண்டாம். தினமும் எடுத்து வேரைப் பார்ப்பதும் வேண்டாம். கண்ணாடி நிற டப்பா வாங்கச் சொன்னதே அதற்குத்தான், வெளியிலிருந்தே தெரியும்.

7. நடுவது

தொட்டி சின்னதாக இருக்க வேண்டும். வேர்க்கட்டைவிட ஒரு அங்குலம் அகலம் போதும். "எப்படியும் வளரத்தானே போகுது" என்று பத்து அங்குலத் தொட்டியில் வைத்தால், வேர் தொடாத கலவை ஈரமாகவே நின்று புளித்துப்போகும். கண்ணாடி நிற நாலு அங்குல பிளாஸ்டிக் தொட்டி, பக்கவாட்டில் ஓட்டையோடு, என் தேர்வு. மண் தொட்டி கடலோர ஊரில் சரி; வறண்ட ஊரில் இரண்டே நாளில் காய்ந்துவிடும்.

தொட்டி அடியில் ஜல்லி, ஓட்டுச்சில்லு பரப்புவது நம் வீட்டுப் பழக்கம். இங்கே அது கெடுதல்தான். மேலிருந்து வரும் தண்ணீர், பொடியான கலவை முடிந்து பெரிய கல் தொடங்கும் இடத்தில் தயங்கி நிற்கும். ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். ஓட்டையை அடைக்காத அளவுக்கு ஒரு சில்லு போதும்.

செடியை நடுவில் பிடித்துக்கொண்டு கலவையைச் சுற்றிலும் விடுங்கள். தொட்டியைத் தரையில் இரண்டு தட்டு தட்டினால் கலவை தானாக இறங்கும். விரலால் அழுத்தக்கூடாது. இலைக்காம்பு பிரியும் இடம் கலவைக்கு மேலே தெரிய வேண்டும், அது புதைந்தால் தண்டு அழுகும். தண்டில் சின்னச் சின்ன முளைபோல் தெரிபவை வருங்கால வேர்கள். அவற்றின் மேல் ஈர மாஸ் கொஞ்சம் வைத்தால் சீக்கிரம் இறங்கும்.

நட்ட அன்றைக்கு ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டுவிட்டு, இரண்டு வாரம் இடம் மாற்றாதீர்கள். ஒரு பழைய இலை மஞ்சளாகி விழும். அது போனால் போகட்டும்.

8. தண்ணீர் ஊற்றுவது

"வாரத்துக்கு எத்தனை தடவை?" இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. மேயில் எனக்கு நாலு நாளுக்கு ஒருமுறை, நவம்பர் மழையில் ஒன்பது நாளுக்கு ஒருமுறை. உங்கள் வீட்டில் வேறு.

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய கையோடு ஒருமுறை தூக்கி அந்த எடையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட பாதி லேசானதும் அடுத்த தண்ணீர். கை பழகும் வரை சமையலறைத் தராசில் வைத்து எழுதி வைக்கலாம். கண்ணாடி நிறத் தொட்டியென்றால் உள்சுவரில் நீர்த்துளி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் இன்னும் பொறுக்கலாம்.

ஊற்றும்போது அடியில் தாராளமாக வழியும்வரை ஊற்றுங்கள், வழிந்ததைத் தட்டில் தேங்கவிடாதீர்கள். தினம் கால் டம்ளர் ஊற்றுவதுதான் ஆகக் கெட்ட பழக்கம். மேலே மட்டும் எப்போதும் ஈரம், அடிவேர் வறட்சி, உப்பு வெளியேற வழியே இல்லை.

இலைமேல் ஊற்ற வேண்டாம். காலையில் இலை நுனியில் ஒரு சொட்டு நின்றால் பயப்படாதீர்கள், இரவில் செடி தானே வெளியேற்றும் நீர் அது.

9. உரம்

புது வேரும் ஒரு புது இலையும் வந்தபின்தான். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்) போதும், ஆனால் லிட்டருக்கு அரை கிராம். பாக்கெட்டில் வயலுக்குச் சொல்லும் அளவை மறந்துவிடுங்கள். இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடுங்கள். இடைப்பட்ட வாரத்தில் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம். இரண்டையும் ஒரே கெட்டிக் கரைசலாகக் கலக்கக்கூடாது, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளை மண்டியாகப் படிந்துவிடும், வேருக்கு ஒன்றும் கிடைக்காது. மாதம் ஒருமுறை எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு கால் கிராம், அடுத்த தடவை வெறும் தண்ணீரால் நன்றாக அலசல்.

பஞ்சகவ்யம், மீன் அமிலம், சாணக் கரைசல் எல்லாம் தோட்டத்துக்கு அருமை. வீட்டுக்குள் கொசு மாதிரி பறக்கும் சின்ன ஈயைத்தான் வரவழைக்கும். வீட்டில் திட்டு வாங்குவது தனி.

10. புது இலை வரும்போது

இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இலை முதலில் செம்பு நிறத்தில், ஈரத் தாள்போல் மெலிதாக, சுருண்டு வரும். விரிந்தபின் பச்சையேறி கெட்டிப்பட மூன்று வாரம் ஆகும். அதுவரை தொடவே வேண்டாம். அப்போது விரல் பட்ட இடம் பின்னால் கறையாகவோ கிழிசலாகவோ நிற்கும். ஜன்னல் திரை காற்றில் உரசினாலும் அப்படித்தான். தொட்டியைத் திருப்புவதும் அந்த மூன்று வாரம் நிறுத்திவையுங்கள், இலை பாதி விரிந்த நிலையில் வெளிச்சத்தைத் தேடித் திரும்பப் பார்த்துக் கோணிக்கொள்ளும்.

இலை உறையிலிருந்து வெளியே வராமல் சிக்கியிருந்தால் காற்று வறண்டிருக்கிறது என்று பொருள். பிய்க்காதீர்கள். ஈரப் பஞ்சை உறைமேல் ஒரு மணி நேரம் சுற்றி வைத்து, அப்புறம் மரக்குச்சியின் மழுங்கிய முனையால் உறையின் ஓரத்தை மட்டும் தள்ளிவிடுங்கள்.

ஒவ்வொரு புது இலைக்கும் ஒரு பழைய இலை மஞ்சளானால் இலை எண்ணிக்கை கூடவே கூடாது. இதற்கு வேர் குறைவாகவோ வெளிச்சம் குறைவாகவோ இருக்கும். உரத்தைக் கூட்டும் முன் அந்த இரண்டையும் பாருங்கள்.

தூசு தட்டச் சின்னப் பெயிண்ட் பிரஷ் போதும். எண்ணெய், பால், இலைப் பளபளப்பு ஸ்பிரே எதுவும் வெல்வெட்டில் படக்கூடாது. அந்த மினுமினுப்பு இலையின் மேல்தோல் நுண்ணிய மேடுகளாக இருப்பதால் வருவது, எண்ணெய் பட்ட இடம் நிரந்தரமாக வழுக்கைத் திட்டாகிவிடும்.

11. பூச்சியும் நோயும்

இலைப்பேன்தான் முதல் எதிரி. வளர்ந்த பூச்சியைக் கொல்வது சுலபம். முட்டை இலைத் திசுவுக்குள்ளேயும் கூட்டுப்புழு கலவையிலும் இருப்பதால் ஒரு தடவை அடித்தால் போகாது. ஸ்பைனோசாட் மருந்தை லேபிளில் உள்ள அளவில், ஆறேழு நாள் இடைவெளியில் மூன்று முறை, அடி இலைக்கும் சேர்த்து அடியுங்கள். பக்கத்தில் பூச்சி ஒட்டிக்கொள்ளும் நீல அட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் குறைகிறதா என்று தெரியும். வேப்பெண்ணெய் இந்த இலைக்கு வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

சிலந்திப்பேன் வறண்ட ஏசி அறையில் வரும். இலையின் அடியை ஷவரில் கழுவி ஈரப்பதத்தைக் கூட்டினால் பாதி வேலை முடிந்தது. மாவுப்பூச்சி காம்பின் கக்கத்தில் பஞ்சுபோல் ஒளிந்திருக்கும், காதுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள்.

நோயில் பயப்பட வேண்டியது சாந்தோமோனாஸ் பாக்டீரியாக் கருகல். 1980-களில் ஹவாய்த் தீவுகளின் ஆந்தூரியம் பண்ணைகளை அழித்தது இதுதான். இலை ஓரத்தில் தண்ணீர் ஊறியதுபோல் புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம், அப்புறம் பழுப்புத் திட்டு. இலை ஓரத்து நீர்த்துளைகள் வழியாகத்தான் பெரும்பாலும் நுழைகிறது. இலையில் தண்ணீர் தெறிக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மருந்து கிடையாது. ஒரு இலையில் சந்தேகம் என்றால் உடனே வெட்டி எரியுங்கள், செடியைத் தனிமைப்படுத்துங்கள். தண்டுக்குப் போய்விட்டால் கலவையோடு செடியையே தூக்கி எறிய வேண்டியதுதான். தொட்டியைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைக்காமல் அடுத்த செடிக்குக் கொடுக்காதீர்கள். எனக்கு ஒருமுறை நடந்தது. வெட்டிக் காப்பாற்றுகிறேன் என்று பத்து நாள் இழுத்தடித்தேன், பக்கத்தில் இருந்த இரண்டு செடியும் சேர்ந்து போயின.

12. பூக்கதிரும் பதியமும்

எலிவால்போல் ஒரு பச்சைக் கதிர் வரும். சின்னச் செடி என்றால் வெட்டிவிடுங்கள், அந்தச் சத்து இலைக்குப் போகட்டும். விதை வேண்டுமென்றால் ஒரே கதிரை நம்ப முடியாது. கதிரில் முதலில் பெண் பருவம் வந்து, பசைத்துளி மினுங்கும். அது காய்ந்த பிறகுதான் மகரந்தம் உதிரும். அதனால் முந்தைய கதிரின் மகரந்தத்தைத் தாளில் மடித்து ஃபிரிட்ஜில் வைத்திருந்து, அடுத்த கதிர் மினுங்கும்போது பிரஷால் தடவ வேண்டும். பழம் முற்ற மாதக்கணக்கில் ஆகும். சதையைக் கழுவி நீக்கி, விதையைக் காயவிடாமல் உடனே ஈர மாஸ்மேல் வைத்துவிடுங்கள், காய்ந்தால் முளைக்காது.

இரண்டு, மூன்று வருடத்தில் தண்டு நீண்டு செடி தொட்டிக்கு மேல் ஆடத் தொடங்கும். அப்போது பதியம் போடலாம். வெட்டுவதற்கு ஆறு வாரம் முன்பே, மேல்தண்டில் வேர்முளை தெரியும் இடத்தைச் சுற்றி ஈர மாஸை வைத்து பிளாஸ்டிக் தாளால் கட்டுங்கள். குறைந்தது மூன்று வேர் இறங்கியது வெளியில் தெரிந்த பிறகு, அதற்குக் கீழே சுத்தமான கத்தியால் ஒரே வெட்டு. மேல்துண்டுக்கு 6-வது பகுதியில் சொன்ன மாஸ் பெட்டி. கீழே இலையில்லாமல் நிற்கும் தண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேர் நன்றாக இருந்தால் வெட்டுக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து ஒன்றிரண்டு மாதத்தில் குருத்து வரும். இலை இல்லாததால் அது குடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு. பழைய கணக்கில் ஊற்றாமல், தொட்டி நன்றாக லேசான பிறகு மட்டும் ஊற்றுங்கள்.